ஜப்பான் தோட்டத்தில் பன்னிரண்டு மாதமும் வேலை

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



ஜப்பான் நாட்டுத் தோட்டங்களைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "அந்தத் தோட்டத்துல என்ன விளையுது தம்பி?" என்று கேட்டார். "ஒண்ணும் விளையாதுங்க மாமா, பார்க்கிறதுக்குத்தான்" என்றேன். "அப்ப அதை எதுக்குய்யா விவசாயிக்குச் சொல்றே?" என்றார்.

நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். அங்கே விளைச்சல் இல்லையே தவிர, நடக்கிற வேலை பூராவும் நம்ம வேலைதான். கவாத்து, களை, தண்ணீர், முட்டுக் கொடுப்பது, பூச்சி பார்ப்பது. நெல்லில் ஒரு போகம் கோட்டை விட்டால் அடுத்த போகத்தில் சரிக்கட்டலாம். அங்கே இருநூறு வருஷத்து மரத்தில் ஒரு கிளை போனால் போனதுதான். எந்த வேலையைத் தள்ளிப் போடலாம், எதைத் தள்ளவே கூடாது என்பதை அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்க உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானின் மேற்குக் கரையில் கனசாவா என்று ஓர் ஊர். அங்கே கென்ரோகுயென் என்ற தோட்டம் இருக்கிறது. அந்தச் சீமையை ஆண்ட மயேதா வம்சத்துப் பிரபுக்கள் தங்கள் கோட்டைக்கு எதிரே தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோட்டம். பரப்பு சுமார் 28 ஏக்கர். 1874-ல் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அந்த ஊரில் குளிர்காலம் பொல்லாதது. சைபீரியாவிலிருந்து கிளம்புகிற குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வரும்போது கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. மலையில் மோதியதும் வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. பனியிலும் இரண்டு விதம் உண்டு பாருங்கள். உலர்ந்த பனி உமி மாதிரி. காற்றடித்தால் பறந்து போகும். கனசாவாவில் விழுவது ஈரப்பனி. அது மழையில் நனைந்த வைக்கோல் மாதிரி கனக்கும். பைன் மரத்தின் ஊசி இலைகளில் அப்பிக்கொண்டு இறங்கவே இறங்காது. ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த கிளை விடியற்காலையில் முறிந்து கிடக்கும்.

அதனால் நவம்பர் மாதம் முதல் தேதி அந்தத் தோட்டத்தில் ஒரு வேலை ஆரம்பமாகிறது. பனி விழுவதற்கு இன்னும் பல வாரங்கள் இருக்கும். மரத்தை ஒட்டி, மரத்தைவிட உயரமாக ஒரு கம்பத்தை நட்டு, அதன் உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் கயிறு இறக்கிக் கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் துணியில்லாத குடையை விரித்து வைத்த மாதிரி இருக்கும். முதல் கயிறு கரசாகி பைன் என்ற மரத்துக்கு. 13-வது பிரபுவான மயேதா நரியாசு என்பவர் பிவா ஏரிக்கரையிலிருந்து விதை தருவித்து வளர்த்தது அது. கிளைகள் குளத்துத் தண்ணீரின்மேல் படுத்தாற்போல நீண்டு கிடக்கும். அந்த ஒரு மரத்துக்கு மட்டும் ஐந்து கம்பம், சுமார் 800 கயிறு!

கயிறு எதில் திரிக்கிறார்கள் தெரியுமா? வைக்கோலில்தான். நம்ம வைக்கோல் பிரி மாதிரியே, நெல் வைக்கோலில் முறுக்கியது. இந்தக் காலத்தில் நைலான் கயிறு கிடைக்காமலா போயிற்று? வைக்கோல் கயிறு பட்டையை அறுக்காது. ஒரு பருவம் தாங்கினால் போதும், பிறகு மக்கிவிடும். உச்சியில் ஒருவர் உட்கார்ந்து கயிற்றை ஒவ்வொன்றாக வீசுவார். கீழே இருப்பவர்கள் பிடித்துக் கிளையில் முடிச்சுப் போடுவார்கள். கிளையைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி இழுத்துக் கட்டக்கூடாது. பாரம் வரும்போது தாங்கினால் போதும்.

இந்தக் கட்டுக்கு அவர்கள் பாஷையில் ஆப்பிள் கட்டு என்று பெயர். ஆப்பிள் தோட்டத்தில் காய்ப் பாரத்தால் கிளை ஒடியாமல் இருக்க நடுவில் கம்பு நட்டுக் கட்டுகிற வழக்கத்திலிருந்து வந்ததாம். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விவசாயி கண்டுபிடித்ததைப் பிரபுவின் தோட்டம் கடன் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

டிசம்பர் நடுவில் கட்டி முடிகிறது. மார்ச் 15 வாக்கில் அவிழ்க்க ஆரம்பிக்கிறார்கள். சில வருஷம் பனி பேருக்குத்தான் விழுகிறது. ஆனாலும் நவம்பர் 1-ந் தேதி ஏணி சார்த்திவிடுகிறார்கள். வரப்போகும் பனி கொஞ்சமா அதிகமா என்று அன்றைக்கு யார் சொல்ல முடியும்? பனி விழ ஆரம்பித்த பிறகு கம்பத்தின் மேல் ஏறவும் முடியாது. டோக்கியோவில் அத்தனை பனி கிடையாது. அங்கேயும் ரிக்குகியென் போன்ற தோட்டங்களில் கட்டுகிறார்கள். அது பெரும்பாலும் அழகுக்காக. நான் அதைக் குறை சொல்லவில்லை. கை மறந்து போகாமல் இருக்கும் இல்லையா?

குளிர்காலத்தில் மற்ற வேலைகளும் உண்டு. இலை உதிர்ந்து தூங்குகிற மேப்பிள் மரத்தை அப்போதுதான் கவாத்து செய்வார்கள். வசந்தம் நெருங்கி உயிர்நீர் ஏறிவிட்டால் வெட்டின இடத்தில் ஒழுகும். செர்ரி மரத்தை வெட்டுகிறவன் முட்டாள், உமே மரத்தை வெட்டாதவன் முட்டாள் என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. உமே என்பது பிளம் வகையைச் சேர்ந்த மரம். அது வெட்ட வெட்டப் பூக்கும். செர்ரியில் வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறாது. அழுகல் உள்ளே இறங்கிவிடும். வேலிக்கு வேண்டிய மூங்கிலையும் குளிர்ந்த மாதங்களில்தான் வெட்டி வைப்பார்கள். அப்போது வெட்டினது சீக்கிரம் உளுத்துப் போகாது.

இனி வசந்த காலத்துக்கு வருவோம். பைன் மரத்துக்கு இதுதான் முக்கியமான காலம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஒவ்வொரு கிளை நுனியிலும் மெழுகுவத்தியை நட்டு வைத்த மாதிரி மூன்று, நாலு, ஐந்து குருத்துகள் கிளம்பும். அப்படியே விட்டால் ஒவ்வொன்றும் நீளக் கிளையாகிவிடும். தோட்டக்காரர்கள் அதில் தடித்ததை அடியோடு ஒடித்துவிட்டு, இரண்டை வைத்து, அவற்றையும் பாதிக்குக் கிள்ளிவிடுகிறார்கள். கத்தரிக்கோல் இல்லை, விரலால்தான். இளங்குருத்து விரலுக்கே 'பட்'டென்று ஒடியும். கத்தரித்தால் ஊசி இலைகளின் நுனியும் வெட்டுப்பட்டுக் காய்ந்து செம்பட்டையாகத் தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பைன் மரத்தின் பலமெல்லாம் உச்சியில் இருக்கும், அடிக்கிளை நோஞ்சான். அதனால் உச்சியில் தாராளமாகக் கிள்ள வேண்டும், கீழே வர வர விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கிள்ளினால் பலசாலி மேலும் பலசாலியாவான், கீழ்க்கிளை செத்துப் போகும்.

இலையுதிர் காலம் வந்ததும் மறுபடி ஏணி ஏறுவார்கள். இந்தத் தடவை பழைய ஊசி இலைகளைக் கையால் உருவி எடுக்கிற வேலை. ஒரு கிளை முடிந்ததும் அடுத்த கிளை, ஒரு பெரிய மரத்துக்கு நாள்கணக்கில் ஆகும். எதற்காக இத்தனை பாடு? மரத்தின் உள்ளே வெயில் இறங்குவதற்குத்தான். வெளியே அடர்ந்துவிட்டால் உள்கிளை இலைகள் இருட்டில் காய்ந்து உதிரும். வேம்பையும் புளியையும் மொட்டை அடித்தாலும் அடிமரத்திலிருந்து துளிர்க்கும். பைன் அப்படி இல்லை. இலை உதிர்ந்து வெறும் கட்டையாகிவிட்ட கிளையில் அது மறுபடி துளிர் விடாது. இரண்டு மூன்று வருஷம் கை வைக்காமல் விட்டுப் பாருங்கள். பச்சையெல்லாம் வெளி விளிம்புக்குப் போய்விடும், உள்ளே குச்சிதான் மிஞ்சும். பிறகு எந்தக் கெட்டிக்காரத் தோட்டக்காரன் வந்தாலும் பழைய உருவத்தைக் கொண்டுவர முடியாது. நாலு தலைமுறை செய்த வேலையை ஒருத்தரின் அசட்டை மூன்று வருஷத்தில் அழித்துவிடும்.

அவர்கள் ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு மூன்றே கால். இரண்டு கால் பக்கம் படி இருக்கும். மூன்றாவது தனிக் கழி. நாலு கால் ஏணி மேடுபள்ளத்தில் ஆடும். மூன்று கால் எந்த மண்ணிலும் அழுத்தமாக உட்காரும். அந்தத் தனிக் கழியைச் செடிக்குள்ளே நுழைத்து வைத்துக்கொண்டு மரத்தை நெருங்கி நிற்கலாம். மாவும் கொய்யாவும் வைத்திருப்பவர்கள் உள்ளூர் ஆசாரியிடம் சொன்னால் மூங்கிலிலேயே செய்து கொடுப்பார்.

அசேலியா என்று ஒரு பூச்செடி. ஜப்பான் தோட்டங்களில் உருண்டை உருண்டையாகக் கத்தரித்து வைத்திருப்பார்கள். அது மே, ஜூனில் பூக்கும். பூ வாடினதும் உடனே கத்தரித்துவிட வேண்டும். அடுத்த வருஷத்து மொட்டு அந்தக் கோடையிலேயே உள்ளே உருவாகிவிடுகிறது. சாவகாசமாக ஆகஸ்ட், செப்டம்பரில் கத்தரித்தால் செடி அழகாகத்தான் இருக்கும்; அடுத்த வருஷம் பூ இருக்காது. மல்லிகைக் கவாத்துக்கு நாள் தவறினவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஜூன் மாதம் மழைக்காலம் பிறக்கிறது. ஏறக்குறைய ஜூலை நடு வரைக்கும் நசநசவென்று தூறல். அப்போதுதான் பாசிக்குக் கொண்டாட்டம். பாசி என்றால் நம்ம கிணற்று உறையில் மழைநாளில் வெல்வெட்டு மாதிரி படருகிறதே, அந்த இனம்தான். நாம் சுரண்டிப் போடுகிறோம். அவர்கள் பயிராக வளர்க்கிறார்கள். கியோத்தோ நகரத்தில் சைஹோஜி என்ற கோயிலின் தோட்டம் முழுக்கப் பாசிதான். சுமார் 120 வகை இருப்பதாகச் சொல்கிறார்கள். 1339-ல் முசோ சொசேக்கி என்ற துறவி அமைத்த தோட்டம் அது. வேடிக்கை என்னவென்றால், அவர் பாசியை நடவில்லை. பிற்காலத்தில் கோயிலுக்கு வருமானம் குறைந்து, பராமரிப்பு இல்லாமல் கிடந்தபோது ஈரமும் நிழலும் சேர்ந்து அதுவாகப் படர்ந்துகொண்டது. இன்றைக்கு அந்தக் கோயிலுக்கே பாசிக்கோயில் என்று பெயர் வந்துவிட்டது. ஜனக்கூட்டம் தாங்காமல் 1977 முதல், முன்கூட்டியே அனுமதி பெற்றவர்களை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள்.

சும்மா வந்தது சும்மா நிற்குமா? நிற்காது. பாசிக்கு நிஜமான வேர் கிடையாது. மேலே படுகிற ஈரத்தை உடம்பாலேயே குடிக்கும். உரம் வேண்டாம். ஆனால் உதிர்ந்த இலை பத்து நாள் மேலே மூடிக் கிடந்தால் கீழே மஞ்சளாகி அழுகிவிடும். அதனால் தினம் பெருக்க வேண்டும். அதுவும் மெல்லிய துடைப்பத்தால், பாசி பெயர்ந்து வராமல். களையைக் குனிந்து உட்கார்ந்து விரலால்தான் எடுக்கிறார்கள். பாசிக்கு நடுவில் முளைத்த புல்லை வெடுக்கென்று இழுத்தால் பாசியும் சேர்ந்து வரும். ஒரு கையால் பாசியை அழுத்திக்கொண்டு மறு கையால் உருவ வேண்டும். பறவைகள் வேறு புழு தேடிக் கிளறிப் போட்டுவிடும். திருப்பிப் போட்டு, மிதித்து ஒட்ட வைக்க வேண்டும். கோடை வெயிலில் பாசி சுருண்டு கிடக்கும்போது மனசு கேட்காமல் உச்சிவேளையில் தண்ணீர் தெளிக்கக்கூடாது. தண்ணீர் சூடேறி வெந்துவிடும். விடியற்காலையில் தெளிக்கலாம், இல்லாவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு.

தண்ணீர் என்றதும் கென்ரோகுயென் நினைவு வருகிறது. அங்கே குளத்துக்கும் ஓடைக்கும் வருகிற தண்ணீர் 1632-ல் வெட்டின தட்சுமி வாய்க்காலின் தண்ணீர். ஆற்றின் மேல்பகுதியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், வழியில் மலையைக் குடைந்துகூட கொண்டுவந்திருக்கிறார்கள். ஊர் தீப்பிடித்து எரிந்ததற்கு அடுத்த வருஷம், நெருப்பு அணைக்கவும் கோட்டைக்குமாக வெட்டியது. மோட்டார் இல்லை, பம்பு இல்லை. வாட்டம் பார்த்து வெட்டினதுதான். அந்தத் தோட்டத்து நீரூற்று இன்றைக்கும் மேலே இருக்கிற குளத்து மட்டத்தின் அழுத்தத்திலேயே பீச்சுகிறது.

கியோத்தோவின் ரியோவான்ஜி மணல் தோட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் படித்த பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். ஏறக்குறைய 10 மீட்டருக்கு 25 மீட்டர் இடத்தில் வெள்ளைச் சரளை பரப்பி, நடுவில் 15 கல். களத்தில் நெல்லைக் கிளறுகிற பல்லுக்கட்டை மாதிரி ஒன்றால் சரளையில் கோடு இழுத்து வைப்பார்கள். மழை அடித்தால் கலைந்து போகும், மறுபடி இழுப்பார்கள். பெரிய தத்துவம் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, உயிருள்ள பாசியைப் பேணுகிறவர்கள் மேல்தான் மரியாதை அதிகம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதிக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இலையுதிர் காலம் முற்றியதும் பைன் மரத்தின் அடித்தூரில் ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு வைக்கோல் பாயைச் சுற்றிக் கட்டுவது அங்கே வெகுகாலப் பழக்கம். மரத்துக்குக் குளிராமல் இருக்கப் போர்த்தியது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது பூச்சிக்கு வைத்த பொறி. பைன் இலையைத் தின்கிற கம்பளிப்புழு ஒன்று உண்டு. குளிர் வந்தால் மரத்திலிருந்து இறங்கி, கதகதப்பான இடம் தேடி ஒளியும். அதற்காகப் பாயின் மேல்பக்கத்தைத் தளர்த்தியும் கீழ்ப்பக்கத்தை இறுக்கியும் கட்டுவார்கள். புழு மேலே நுழைந்து வைக்கோலுக்குள் தங்கிவிடும். மார்ச் மாதம் ஆறாம் தேதி வாக்கில், பூச்சிகள் கண் விழிக்கும் நாள் என்று அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் வருகிறது. அதை ஒட்டிப் பாயை அவிழ்த்துப் புழுவோடு சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். மருந்து இல்லை, செலவு இல்லை. எவ்வளவு புத்திசாலித்தனம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

கொளுத்துவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்களா? ஹிமேஜி என்ற ஊரில் புகழ்பெற்ற ஒரு கோட்டை இருக்கிறது. அங்கே 2002 முதல் 2007 வரை அவிழ்த்த பாய்களைப் பிரித்து, உள்ளே இருந்த பூச்சிகளை ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இலை தின்னும் புழு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பாதிக்கு மேல் சிலந்திகளும், புழுவைக் குத்திச் சாறு உறிஞ்சுகிற நாவாய்ப்பூச்சிகளும்! அதாவது மரத்துக்குக் காவல் இருந்தவர்களை, குளிருக்கு ஒதுங்கிய இடத்திலேயே வருஷா வருஷம் பிடித்து எரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையே பைன் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்த எதிரி வேறு. அது கண்ணுக்கே தெரியாத நூற்புழு. வட அமெரிக்காவிலிருந்து வந்தது. மரத்துக்குள் பெருகித் தண்ணீர் ஏறவிடாமல் அடைத்துவிடும். கோடையில் பச்சையாக இருந்த மரம் இலையுதிர் காலத்துக்குள் சிவந்து நிற்கும். இந்த நூற்புழுதான் காரணம் என்பது 1971-ல்தான் உறுதியானது. அதைச் சுமந்து போகிறது நீண்ட உணர்கொம்புள்ள ஒரு வண்டு. அதன் புழு மரக்கட்டைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வைக்கோல் பாய்க்கு அது வரவே வராது. பாய் கட்டி அதைத் தடுக்க முடியாது. செத்த மரத்தை, வண்டு வெளிவருகிற மே மாதத்துக்கு முன்னால் வெட்டி எரிக்க வேண்டும், அல்லது சிம்பு சிம்பாக அரைத்துவிட வேண்டும். விலைமதிப்பில்லாத மரங்களுக்கு மட்டும் குளிர்காலத்தில் அடிமரத்தில் துளையிட்டு மருந்து ஏற்றுகிறார்கள்.

பாய் கட்டுகிற பழக்கத்தைச் சில இடங்களில் விட்டுவிட்டார்கள். சில இடங்களில், குளிர்காலம் வந்துவிட்டதற்கு அடையாளமாக இன்றும் கட்டுகிறார்கள். தாத்தா காலத்துப் பழக்கம் இரண்டு பார்த்தோம். வைக்கோல் கயிறு இன்றைக்கும் நிற்கிறது. வைக்கோல் பாய் நிற்கவில்லை. இரண்டையும் கட்டியது ஒரே மாதிரிக் கைகள்தான்.

இதை எங்கள் ஊர் மாமாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "போன வருஷம் வரப்புல கிடந்த சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்தினேனே, அதுல எத்தனை சிலந்தி போச்சோ" என்றார். இந்த வருஷம் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் உதறிப் பார்ப்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். நீங்களும் உதறிப் பார்த்து, என்ன விழுந்தது என்று ஒரு கார்டு போடுங்கள்.